வயதானவர்களுக்கு இடுப்பு உடைந்தால் ஏன் உடனே அறுவை சிகிச்சை என்கிறார்கள்?

எண்பது வயதைத் தொட்ட ஒருவர் வீட்டில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால், மருத்துவமனை வராந்தாவில் சொந்தக்காரர்கள் கூடிப் பேசும் பேச்சு எந்த ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். "இந்த வயசுல கத்தி வைக்கணுமா? சுகர் வேற இருக்கு, தாங்குவாங்களா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. ஆபரேஷன் எல்லாம் வேண்டாம்னு வீட்டுலேயே வெச்சுப் பார்த்துக்கிட்டோம்" என்பார் இன்னொருவர். அந்தப் பெரியப்பா அதற்கப்புறம் எழுந்து நடந்தாரா, எத்தனை மாதம் இருந்தார் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

அக்கறையில் வரும் பேச்சுதான் அது. ஆனால் கேள்வி தலைகீழாக இருக்கிறது. அறுவை சிகிச்சையைத் தாங்குவாரா என்று யோசிக்கிறோம். எட்டு வாரம், பத்து வாரம் மல்லாந்து படுத்தே கிடப்பதைத் தாங்குவாரா என்று யோசிப்பதில்லை. முதிய உடம்புக்கு இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. இடுப்பு முறிவுக்குச் செய்யும் அறுவை சிகிச்சையின் முதல் நோக்கம் ஆளைப் படுக்கையிலிருந்து எழுப்புவது. எலும்பு கூடுவதெல்லாம் அதற்கடுத்த கணக்கு. இது மனதில் பதிந்துவிட்டால், ஏன் அவசரப்படுத்துகிறார்கள், ஏன் ஒருவருக்குக் கம்பியும் இன்னொருவருக்குப் பந்தும் வைக்கிறார்கள், ஏன் மறுநாளே நிற்கச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் தானாக விளங்கும்.

உடைவது எந்த இடம்?

இடுப்பு முறிவு என்று நாம் சொல்லும்போது உடைந்திருப்பது தொடை எலும்பின் மேல் முனை. அந்த முனை உருண்டையாக இருக்கும். ஆட்டுக்கல் குழிக்குள் குழவி உட்கார்ந்து சுழல்வதுபோல, இடுப்பெலும்பின் குழிக்குள் அது உட்கார்ந்து சுழல்கிறது. உருண்டைக்குக் கீழே ஒடுக்கமான கழுத்து. கழுத்து முடியும் இடத்தில், தசைகள் வந்து பற்றிக்கொள்ள இரண்டு புடைப்புகள். ஒருக்களித்துப் படுக்கும்போது படுக்கையில் அழுந்துகிற கெட்டியான மேடு இருக்கிறதல்லவா, அதுதான் பெரிய புடைப்பு. முதியவர்கள் பக்கவாட்டில் விழும்போது முதலில் தரையில் மோதுவதும் அதுதான். இடுப்பு முறிவுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இப்படிச் சாதாரணமாக விழுவதால் ஏற்படுபவை. மாடியிலிருந்து விழ வேண்டியதில்லை; நின்ற நிலையிலிருந்து சாய்ந்தாலே போதும், எலும்பு அந்த அளவுக்கு மெலிந்திருக்கிறது.

உடைப்பு கழுத்தில் விழுந்திருக்கிறதா, புடைப்புகளை ஒட்டி விழுந்திருக்கிறதா என்பதுதான் சிகிச்சையைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி. இரண்டுக்கும் இடையே ஓரிரு அங்குலம்தான் வித்தியாசம். ஆனால் அந்த இரண்டு இடத்திலும் ரத்த ஓட்டம் வேறு வேறு.

உருண்டைக்குப் போகும் ரத்தத்தில் பெரும்பகுதி கீழிருந்து மேலே ஏறுகிறது. தொடையிலிருந்து வரும் தமனிகள் கழுத்தின் அடியில் ஒரு வளையம்போலச் சுற்றி, அங்கிருந்து மெல்லிய கிளைகளாகக் கழுத்தின் மேற்பரப்பை ஒட்டியபடியே உருண்டைக்குள் நுழைகின்றன. கழுத்து உடைந்து துண்டுகள் விலகினால், அந்த மெல்லிய கிளைகள் முறுக்கிக்கொள்ளும் அல்லது அறுந்துபோகும். ரத்தம் போகாத உருண்டை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ நொறுங்கி அமுங்கிவிடும். போதாக்குறைக்குக் கழுத்தின் பெரும்பகுதி மூட்டுத் திரவம் நிறைந்த உறைக்குள் இருப்பதால், மற்ற எலும்புகளில் முறிவைச் சுற்றி உருவாகும் புது எலும்பு இங்கே சரியாக உருவாவதில்லை. அதனால்தான் விலகிய கழுத்து முறிவு தானாகக் கூடுவது அபூர்வம்.

புடைப்புப் பகுதியின் கதை வேறு. அங்கே எலும்பு அகலமாகவும் பஞ்சுபோன்ற உள்ளமைப்போடும் இருக்கிறது, ரத்தமும் தாராளம். கூட விட்டால் கூடிவிடும். சிக்கல் என்னவென்றால், தொடையின் பலமான தசைகள் துண்டுகளை இழுத்து வளைத்துவிடும். அப்படியே கூடினால் கால் குட்டையாகி, பாதம் வெளியே திரும்பி நிற்கும். உள்ளே ரத்தக்கசிவும் அதிகம். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் தொடைக்குள்ளேயே ஒரு லிட்டர் வரை தேங்கிவிடலாம். வந்த அன்று நன்றாக இருந்த ஹீமோகுளோபின் மறுநாள் சரிவது இதனால்தான்.

நம் பக்கத்து எலும்புக்கட்டு வைத்தியம் இங்கே ஏன் பலிக்காது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மணிக்கட்டு போன்ற இடத்தில் வெளியிலிருந்து கட்டி அசையாமல் வைக்க முடியும். இடுப்பு மூட்டோ உடம்பின் மிகத் தடித்த தசைகளுக்கு நடுவே, ஆழத்தில் இருக்கிறது. மூங்கில் பத்தையும் துணியும் அந்த ஆழத்துக்கு எட்டாது. விழுந்தவுடன் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவுவது அதைவிட மோசம். விலகாமல் இருந்த முறிவை நாமே விலக்கிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

விலகாத முறிவு என்று ஒன்று உண்டு என்பதைக் குடும்பத்தினர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவாக இடுப்பு முறிந்தவரைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்: அடிபட்ட கால் மற்றதைவிடக் குட்டையாக, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கும், காலைத் தூக்க வராது. ஆனால் சிலருக்குத் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும். அவர்கள் வலியோடு நொண்டி நொண்டி நடக்கவும் செய்வார்கள். "நடக்கிறாங்களே, எலும்பு உடைஞ்சிருக்காது" என்று விட்டுவிடுவோம். நாலைந்து நாள் கழித்து அது முழுவதும் விலகி நிற்கும். எக்ஸ்ரேயிலேயே தெரியாத மெல்லிய விரிசல்களும் உண்டு. விழுந்த முதியவருக்கு இடுக்குப் பகுதியில் வலி நீடிக்கிறது, காலை ஊன்ற முடியவில்லை, எக்ஸ்ரே மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பதுதான் முறை. அது உடனே கிடைக்காத இடத்தில் சிடி ஸ்கேன்.

படுத்தே கிடந்தால்

சரி, படுக்க வைத்தே பார்த்துக்கொண்டால் என்ன ஆகும்? மல்லாந்தே படுத்திருப்பவரின் நுரையீரல் அடிப்பகுதி சரியாக விரியாது. சளி தேங்கி நிமோனியா வரும். சிறுநீர்க் குழாய் போட்டே வைத்திருந்தால் அதன் வழியாகக் கிருமி ஏறும். காலின் ஆழ்ந்த சிரைகளில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கும். வலிக்குப் பயந்து புரளாமல் கிடப்பதால் வால் எலும்பு மேலும் குதிகாலிலும் புண் வரும். படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டிய வீடுகளுக்கு அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

தசை வேறு கரைகிறது. 2007இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 67 வயதை ஒட்டிய, நோய் எதுவும் இல்லாத சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். சாப்பாட்டில் குறையில்லை, வலியில்லை, முறிவும் இல்லை. பத்தாம் நாள் பார்த்தபோது, கால்களில் மட்டும் சராசரியாகக் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. ஆரோக்கியமானவர்களுக்கே இந்த நிலை என்றால், எலும்பு உடைந்து, சாப்பாடு இறங்காமல், ரத்தமும் குறைந்து கிடக்கும் 82 வயது அம்மாவை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து எலும்பு கூடியிருந்தாலும், அதை நிறுத்தி நடக்கவைக்கத் தசை இருக்காது.

இடுப்பு முறிந்த முதியவர்களில் ஓராண்டுக்குள் இறப்பவர்கள் ஐந்தில் ஒருவரிலிருந்து மூன்றில் ஒருவர் வரை என்று உலகம் முழுக்கப் பல கணக்குகள் சொல்கின்றன. சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களைச் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அவர்களைப் பெரும்பாலும் கொண்டுபோவது நிமோனியாவும் இதயமும் கிருமித் தொற்றும்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1822இல் வெளியிட்ட நூலிலேயே, மூட்டு உறைக்கு உள்ளே உடைவதையும் வெளியே உடைவதையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிவிட்டார். உள்ளே உடைந்தால் கூடாது என்றும் எழுதினார். மயக்க மருந்தோ எக்ஸ்ரேயோ இல்லாத காலம். அவர் என்ன செய்தார்? எலும்பு கூடும் என்று காத்திருக்கவில்லை. இரண்டு வாரம் வாக்கில் வலி தணிந்ததும் நோயாளியை எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்து, அப்புறம் ஊன்றுகோலில் நடக்கவிட்டார். கால் ஊனமாகத்தான் இருக்கும், ஆனாலும் ஆள் பிழைப்பார் என்பது அவர் கணக்கு. எடை கட்டிக் காலை மாதக்கணக்கில் தொங்கவிடும் வழக்கம் பிற்பாடு வந்து, வெகுகாலம் நிலைத்துவிட்டது. பாஸ்டனில் ஸ்மித் பீட்டர்சன் என்ற எலும்பு மருத்துவர் மூன்று இறக்கை கொண்ட ஆணியைக் கழுத்துக்குள் செலுத்தி நிறுத்தும் முறையை 1931இல் வெளியிட்ட பிறகுதான், உள்ளே உலோகம் வைத்து ஆளை எழுப்பலாம் என்ற நம்பிக்கை பரவியது.

கழுத்து உடைந்தால்

கழுத்து முறிவை எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வைத்து நான்கு படிகளாகப் பிரிக்கும் முறை 1961இல் கார்டன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வகுத்தது. இன்றும் அறிக்கைகளில் 'கார்டன் 3', 'கார்டன் 4' என்று பார்க்கலாம். முதல் இரண்டும் விலகாதவை. அவற்றுக்குப் பெரும்பாலும் பக்கவாட்டில் சின்னத் துளை போட்டு மூன்று ஸ்க்ரூ வைத்துப் பிடித்துவிடுவார்கள். அரைமணி, முக்கால்மணி வேலை.

மூன்றும் நான்கும் விலகியவை. இங்கே வயது பார்க்கப்படுகிறது. நாற்பது, ஐம்பது வயதில் விபத்தில் உடைந்தால், எப்படியாவது சொந்த உருண்டையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள்: சீக்கிரம் நேராக்கி ஸ்க்ரூ வைத்து, ரத்த ஓட்டம் திரும்பும் என்று காத்திருப்பார்கள். எழுபதைத் தாண்டியவருக்கு அந்தக் காத்திருப்பு நல்லதல்ல. உருண்டை செத்துப்போனால் மறுபடியும் ஓர் அறுவை சிகிச்சை, மறுபடியும் படுக்கை. அதனால் உடைந்த உருண்டையை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பதே வழக்கம். குழியையும் சேர்த்து மாற்றினால் முழு மூட்டு மாற்று. பந்தை மட்டும் மாற்றினால் அரை மூட்டு மாற்று.

முழுசா மாற்றினால்தானே நல்லது என்று கேட்பவர்கள் உண்டு. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து நாடுகளில் 50 வயதுக்கு மேற்பட்ட 1,495 பேருக்கு இரண்டில் ஒன்றைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து வைத்தார்கள். இரண்டு ஆண்டில் மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது முழு மூட்டில் 7.9 சதவீதம், அரை மூட்டில் 8.3 சதவீதம். பெரிய வேறுபாடு இல்லை. பந்து நழுவுவது போன்ற தொல்லை முழு மூட்டில்தான் அதிகம். முறிவுக்கு முன் கடைகண்ணிக்குத் தனியாகப் போய்வந்தவர், மூளை தெளிவாக இருப்பவர், இன்னும் பல ஆண்டு நடக்கப் போகிறவர் என்றால் முழு மூட்டுக்கு நியாயம் இருக்கிறது. வீட்டுக்குள் மட்டும் நடமாடுகிற எண்பத்தைந்து வயதுக்காரருக்கு அரை மூட்டே சரி. செலவு அதிகமானது உயர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொரு விஷயம் எலும்பு சிமென்ட். பந்தின் தண்டைத் தொடை எலும்புக்குள் சிமென்ட் வைத்துப் பதிக்கலாம், இல்லாமலும் அடித்து இறுக்கலாம். அமெரிக்க மருத்துவர் ஆஸ்டின் மூர் பெயரில் 1950களில் புழக்கத்துக்கு வந்த பந்து சிமென்ட் இல்லாமல் வைப்பது. நம் நாட்டில் இன்றும் சில இடங்களில் வைக்கிறார்கள். மெலிந்த எலும்புக்குள் அது தளர்ந்து, தொடை வலி வரும். 2022இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு நவீன தண்டுகளையே ஒப்பிட்டது. அதிலும் சிமென்ட் வைத்தவர்களே நாலு மாதம் கழித்து மேலான நிலையில் இருந்தார்கள். தண்டைச் சுற்றி எலும்பு உடைவதும் அவர்களுக்குக் குறைவு. சிமென்ட் வைக்கும் நிமிடத்தில் சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் அபாயம் உண்டு. மயக்க மருத்துவர் அதற்குத் தயாராகவே இருப்பார். "சிமென்ட் வைப்பீர்களா?" என்று அறுவை மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை.

புடைப்பை ஒட்டி உடைந்தால்

இங்கே உருண்டையை எடுக்க வேண்டியதில்லை. துண்டுகளை நேராக்கி, கூடும்வரை பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு தாங்கல் வேண்டும், அவ்வளவுதான். முறிவு நிலையானதாக இருந்தால், பக்கவாட்டில் பிளேட் பதித்து அதன் வழியாக உருண்டைக்குள் ஒரு தடித்த ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூ பிளேட்டின் குழாய்க்குள் கொஞ்சம் சறுக்கும்படி செய்யப்பட்டது. ஊன்றி நடக்கும்போது உடைந்த முகங்கள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகும். நடக்க நடக்கக் கூடுவதற்குச் சாதகம். பல துண்டாக உடைந்திருந்தாலோ, உடைப்பு புடைப்புக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, எலும்பின் குழலுக்குள்ளேயே இறக்கும் ராடு, அதாவது உலோகத் தண்டு.

ராடு வைப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் 'எலும்பைக் கிழித்துக் கம்பி வைப்பது' என்று மனதில் இருக்கும் படத்துக்கும் உண்மைக்கும் வெகுதூரம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனதும், நோயாளியைத் தனிவகை மேசையில் கிடத்தி, பாதத்தைப் பூட்ஸ் போன்ற பிடிமானத்தில் கட்டுவார்கள். காலை மெல்ல இழுத்து, பாதத்தைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்புவார்கள். அந்த இழுப்பிலேயே பெரும்பாலான முறிவுகள் நேராகிவிடும். நேராகிவிட்டதா என்று நேராகவும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே திரையில் பார்த்த பிறகுதான் கத்தியே எடுப்பார்கள். பெரிய புடைப்புக்கு மேலே சுமார் இரண்டு அங்குல வெட்டு. அதன் வழியே ஒரு மெல்லிய கம்பி, அந்தக் கம்பி காட்டிய தடத்தில் துளை, துளைக்குள் ராடு. அடுத்து பக்கவாட்டில் இன்னொரு சின்ன வெட்டு. அங்கிருந்து ராடின் ஓட்டை வழியே கழுத்தைக் கடந்து உருண்டைக்குள் ஒரு ஸ்க்ரூவோ சுருள் பிளேடோ. கீழே ஒரு பூட்டு ஸ்க்ரூ. முறிந்த இடத்தைத் திறப்பதே இல்லை. எல்லாம் ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும்.

இந்த வேலையில் திறமை தெரிவது ஒரே இடத்தில்: ஸ்க்ரூவின் நுனி உருண்டைக்குள் எங்கே போய் நிற்கிறது என்பதில். நேர்ப்படம், பக்கப்படம் இரண்டிலும் ஸ்க்ரூ நுனிக்கும் உருண்டையின் உச்சிக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று 1995இல் ஓர் அமெரிக்கக் குழு காட்டியது. அதைத் தாண்டத் தாண்ட, மெலிந்த எலும்பைக் கிழித்துக்கொண்டு ஸ்க்ரூ வெளியே வரும் வாய்ப்பு ஏறுகிறது.

எத்தனை மணி நேரத்தில்?

பிரிட்டன் இந்த விஷயத்தில் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. 2007இல் தேசிய அளவில் ஒரு பதிவேடு தொடங்கி, ஒவ்வொரு மருத்துவமனையும் இடுப்பு முறிவு நோயாளிகளை எத்தனை மணி நேரத்தில் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனது, முதியோர் மருத்துவர் வந்து பார்த்தாரா, மறுநாள் எழுப்பினார்களா என்று எழுதிவைக்கச் சொன்னார்கள். 2010இல் அதோடு பணத்தையும் இணைத்தார்கள்: 36 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை, முதியோர் மருத்துவரின் கவனிப்பு முதலிய நிபந்தனைகள் நிறைவேறினால் மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை. 2007இல் 10.9 சதவீதமாக இருந்த முப்பது நாள் இறப்பு 2011இல் 8.5 ஆக இறங்கியது. அப்புறமும் குறைந்துகொண்டே வந்தது. செய்ய வேண்டியது தெரிந்திருந்தும் செய்யாமல் இருந்ததைச் செய்யவைத்தார்கள், அவ்வளவுதான்.

எவ்வளவுக்கெவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லதா என்று 2020இல் ஒரு பெரிய ஆய்வு பார்த்தது. இந்தியா உட்பட 17 நாடுகள், 2,970 நோயாளிகள். முறிவு உறுதியானதிலிருந்து ஒரு பாதிக்குச் சுமார் 6 மணி நேரத்தில் அறுவை சிகிச்சை, இன்னொரு பாதிக்கு 24 மணி நேரத்தில். மூன்று மாத இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்கு மனக்குழப்பம் குறைவு, சிறுநீர்த் தொற்று குறைவு, எழுந்து நின்றதும் முன்னதாக. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த ஆய்வில் தாமதமானவர்கள் என்று சொல்லப்பட்டவர்களே ஒரு நாளைக்குள் மேசைக்குப் போனவர்கள். நம்மிடம் ஒரு வாரம் கழித்து வருபவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

நம் ஊரில் நாள் எங்கே போகிறது? முதல் இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே போய்விடும்: தைலம், நீவுதல், பக்கத்து ஊர்க் கட்டு. அப்புறம் வெளியூர் மகன் வரக் காத்திருப்பது. மருத்துவமனையில் சேர்ந்த பிறகு எக்கோ என்ற இதய ஸ்கேன், இதய டாக்டரின் ஒப்புதல், சர்க்கரை இறங்கட்டும் என்பது, ரத்தம் ஏற்பாடு, காப்பீட்டு அனுமதி. இவற்றில் சில அவசியம். கட்டுக்கடங்காத இதயத் துடிப்பு, தீவிர நிமோனியா, ரொம்பக் குறைந்த சோடியம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் பழைய, நிலையாக இருக்கும் இதய நோய்க்காக எக்கோவுக்கு மூன்று நாள் காத்திருப்பதில் லாபம் குறைவு. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்பதற்காக ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டியதில்லை. அதேபோன்ற குளோபிடோகிரெல் மாத்திரைக்கும் பெரும்பாலும் காத்திருப்பதில்லை. வார்ஃபரின் போன்றவற்றின் வீரியத்தை முறிக்கும் மருந்து கொடுத்து ஓரிரு நாளில் தயாராக்க முடியும். காத்திருக்கும் நேரத்தில் காலில் எடை கட்டித் தொங்கவிடுவதால் வலி குறைவதாகவும் நிரூபணம் இல்லை. அதைவிட, இடுப்பு மடிப்பில் நரம்பை ஒட்டி மரத்துப்போகும் ஊசி போட்டால் நல்ல நிவாரணம் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

முதுகு ஊசியா, முழு மயக்கமா என்பது வராந்தாவில் அடிபடும் இன்னொரு கவலை. 2021இல் 1,600 பேரை வைத்துச் செய்த ஆய்வில், அறுபது நாளில் இறந்தவர்கள் அல்லது நடக்க முடியாமல் போனவர்கள் முதுகு ஊசியில் 18.5 சதவீதம், முழு மயக்கத்தில் 18 சதவீதம். மயக்க மருத்துவர் தன் நோயாளிக்கு எது தோது என்கிறாரோ அதை ஏற்றுக்கொள்ளலாம்.

மறுநாள் காலை

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் பிசியோதெரபிஸ்ட் வந்து "எழுந்து நில்லுங்கம்மா" என்றால் வீட்டார் பதறுவார்கள். அதற்காகத்தானே உள்ளே உலோகம் வைத்தது. முதலில் தலைமாட்டை உயர்த்தி, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைப்பார். தலை சுற்றுகிறதா என்று ஐந்து நிமிடம் பார்ப்பார். பிறகு வாக்கரை முன்னால் வைத்து, இடுப்பில் ஒரு கை கொடுத்து எழுப்புவார். வாக்கர் முதலில், அடுத்து அறுவை சிகிச்சை செய்த கால், அப்புறம் நல்ல கால். அன்றைக்கு நாலு அடி எடுத்து வைத்து நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தாலே போதும். சிறுநீர்க் குழாயைச் சீக்கிரம் எடுத்துவிடச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஊசியோ மாத்திரையோ சுமார் ஒரு மாதம் வரை தொடர வேண்டியிருக்கும்.

குடும்பத்தை அதிகம் கலங்கடிப்பது இரண்டாம் மூன்றாம் நாள் வரும் மனக்குழப்பம். நேற்றுவரை தெளிவாகப் பேசிய அப்பா, இரவில் செத்துப்போன தம்பியைக் கூப்பிடுவார், டியூபைப் பிடுங்குவார், மகளையே யார் என்று கேட்பார். "பைத்தியம் பிடிச்சிடுச்சு" என்றோ "மயக்க ஊசியால மூளை போயிடுச்சு" என்றோ பயப்பட வேண்டாம். வலி, தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, தூக்கமின்மை, புது இடம் எல்லாம் சேர்ந்து உண்டாக்குவது இது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலோருக்குத் தணிந்துவிடும், சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும். கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் மாட்டிவிடுங்கள். பகலில் ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். தெரிந்த முகம் ஒன்று இரவில் கூடவே இருக்கட்டும். தூக்க மாத்திரை கேட்டு நர்ஸிடம் போவதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

சாப்பாட்டில் கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்துத் தேற்ற முடியாது. காயம் ஆறவும் தசை திரும்பவும் புரதம் வேண்டும்: முட்டை, மீன், பருப்பு, பால், சுண்டல், எது இறங்குகிறதோ அது, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை.

வீட்டுக்கு வந்ததும் முதல் தடை கழிப்பறை. பந்து மாற்றியவர்கள் முதல் சில வாரங்கள் குந்தவோ சம்மணம் போடவோ காலைக் குறுக்கே போடவோ கூடாது. பந்து குழியிலிருந்து நழுவும். எவ்வளவு காலம் என்பதை அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், எந்தப் பக்கமாகத் திறந்தார் என்பதைப் பொறுத்து அது மாறும். தரைக் கழிப்பறை மட்டும் இருக்கும் வீட்டில் கமோட் நாற்காலி ஒன்று வாங்கிவைப்பதை, ஆள் வீடு திரும்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள். பிசியோதெரபியை நிறுத்திவிடக் கூடாது. முதல் மூன்று மாதத்தில் கிடைக்கும் முன்னேற்றம் பிறகு எளிதில் கிடைக்காது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வைக்கலாம்.

எல்லோருக்கும் அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே படுத்த படுக்கையாக, யாரையும் அடையாளம் தெரியாத நிலையில், கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் சில சமயம் வலி தீர்க்கவே அறுவை சிகிச்சை செய்வதுண்டு. வேண்டாம் என்று முடிவெடுத்து, வலியில்லாமல் பார்த்துக்கொள்வதும் மரியாதையான சிகிச்சைதான். நெதர்லாந்தில் இப்படிப்பட்ட மிகத் தளர்ந்த முதியவர்களைப் பற்றி 2022இல் வந்த ஆய்வில், குடும்பத்தோடு பேசி அறுவை சிகிச்சையைத் தவிர்த்தவர்களின் கடைசி நாட்கள் மோசமாக இருக்கவில்லை. ஆனால் அது டாக்டரோடு உட்கார்ந்து, என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்து எடுக்கும் முடிவு. போதிய வலி மருந்தும் ஆளும் ஏற்பாடு செய்துகொண்டு எடுக்கும் முடிவு. 'வயசாயிடுச்சு' என்ற ஒற்றைக் காரணத்துக்காக, விழுவதற்கு முந்தின நாள்வரை பூப்பறித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவை வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவது வேறு.

டிஸ்சார்ஜ் தாளில் விட்டுப்போவது

எனக்கு அதிக வருத்தம் தருவது இதுதான். கம்பி வைத்தார்கள், தையல் பிரித்தார்கள், நடந்தாயிற்று. ஏன் உடைந்தது என்பதற்கான மருந்து மட்டும் தாளில் இருக்காது. நின்ற நிலையிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தாலே அது எலும்புப் புரை நோய்தான், அதாவது எலும்பு மெலிந்து பலமிழக்கும் நோய். அதைச் சொல்ல ஸ்கேன்கூட வேண்டியதில்லை. ஒரு பக்கம் உடைந்தவருக்கு மறுபக்கம் உடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

2007இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இடுப்பு முறிவு அறுவை சிகிச்சை முடிந்த மூன்று மாதத்துக்குள் ஜோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தை ஆண்டுக்கு ஒருமுறை 5 மில்லிகிராம் சொட்டு மருந்தாக ஏற்றினார்கள். புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன, இறப்புகூட 28 சதவீதம் குறைந்தது. ஆண்டுக்கு ஒரே ஒருமுறை, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்றுவது. முதல் முறை ஏற்றியபின் ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பயப்பட வேண்டாம். ஏற்றுவதற்கு முன் சிறுநீரகச் சோதனை பார்க்க வேண்டும். வைட்டமின் டி குறைவு இருந்தால் அதை முதலில் நிரப்ப வேண்டும். இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் இருந்தும் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு வைட்டமின் டி குறைவுதான். கால்சியத்துக்குக் கேழ்வரகு நல்ல துணை, 100 கிராமில் 350 மில்லிகிராம் வாக்கில் இருக்கிறது. ஆனால் உடைந்த பிறகு கேழ்வரகும் கால்சியம் மாத்திரையும் மட்டும் போதாது.

வாரம் ஒருமுறை சாப்பிடும் அலென்ட்ரோனேட் மாத்திரையும் இருக்கிறது. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து உட்கார முடிந்தவர்களுக்கு மட்டும் அது சரிவரும். இந்த வகை மருந்துகளை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு அபூர்வமாகத் தொடை எலும்பின் நடுப்பகுதியில் வேறுவித முறிவு வரலாம் என்பதால், சில ஆண்டுகளுக்குப் பிறகு நிறுத்தி வைப்பது பற்றி டாக்டர் யோசிப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசியில் எச்சரிக்கை வேறு: அதை நாமாக நிறுத்தினாலோ நாள் தவறினாலோ சேர்ந்த எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்பு முறியலாம். அதைத் தொடங்குபவர்கள் அடுத்த ஊசித் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நிறுத்துவதாக இருந்தால், அதற்குப் பதில் என்ன மருந்து என்பதை டாக்டரிடம் கேட்டுத் தொடங்கிய பிறகே நிறுத்த வேண்டும்.